கார்பன் வீல் ரிப்பேர் பண்ணி ஒன்றரை வருஷம்: பின் இடது டயர்ல இன்னும் காத்து நிக்கல

இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல இருக்குற தம்பி போன வாரம் போன் பண்ணான். "அண்ணே, பிஎம்டபிள்யூ எம்4க்கு ஒரு செட் கார்பன் வீல் பாதி விலைக்கு வருது, ஒன்னு மட்டும் ரிப்பேர் பண்ணதாம், வாங்கிறவா?" போன்ல பேசி முடியல, அதான் எழுதுறேன். என்னோடது எம்4ல எஃப்82 மாடல், 19 இஞ்ச் வீல், கார்பன் நார எபாக்ஸிங்கற ரெசின்ல (பசை மாதிரி) ஒட்டிச் செஞ்சது.

2023 ஜூலைல வான் ரீனன் பாஸ்ங்கற மலைப்பாதையில லாரிங்கள கொளுத்துனாங்களே, அந்த சமயம் டர்பன்ல ஒரு காதுகுத்து முடிச்சுட்டு குடும்பத்தோட ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல மிட்ராண்டுக்கு, எங்க வீட்டுக்கு, திரும்பிட்டு இருந்தோம். அந்த என்3 நெடுஞ்சாலைய மூடிட்டாங்க, சரின்னு எல்லாரும் போற மாதிரி பெர்க்வில் வழியா ஆர்74ல ஏறி ஓலிவியர்ஸ்ஹூக் பாஸ் புடிச்சேன். ஒரு வளைவுல எதிர்ல லாரி லைட்டு, கண்ணு கூசுன அந்த ரெண்டு செகண்ட்ல பின் இடது வீல் பள்ளத்துல இறங்கி "டொம்"னுச்சு. 275/35 டயர், பக்கவாட்டு சுவர் பத்து சென்டிமீட்டர் கூட கிடையாது, அடி அப்படியே வீலுக்குத்தான். ஓரங்கட்டி டார்ச் அடிச்சு பாத்தா வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்ல, கை விட்டு தடவுனா உள்பக்க விளிம்புல உள்ளங்கை அகலத்துக்கு பிளந்து தேங்கா மட்டைய கிழிச்சாப்ல நார் நாரா நிக்குது. ஸ்பேர் கிடையாத வண்டி. ஹாரிஸ்மித்ல இருந்து வண்டிய ஏத்திட்டுப் போற ரோல்பேக் லாரி வர்ற வரைக்கும் அந்தக் குளிர்ல பிள்ளைங்கள போர்வைக்குள்ள சுத்தி வச்சிருந்தோம்.

அலாய் வீலா இருந்தா வளைஞ்சிருக்கும், மேக் கடையில (அலாய் வீல் கடைக்கு இங்க அந்தப் பேருதான்) சூடு காட்டி தட்டி நிமித்திருப்பாங்க. கார்பன் வளையாது, தாங்குற வரைக்கும் தாங்கும், அப்புறம் உடையும். இங்க ஒரு மேக் கடைக்காரர் "குடுங்க சார், ஒட்டி பவுடர் கோட் அடிச்சுத் தந்துடுறேன்"னு ரொம்ப ஈசியா சொன்னாரு. பவுடர் கோட் அடுப்பு 200 டிகிரிக்கு கிட்ட போகும், அந்த சூட்டுல எபாக்ஸி இளகிடும், நல்லா இருக்குற இடமும் சேர்ந்து போயிரும். பெயின்ட் உரிக்கிற கெமிக்கலும் அப்படித்தான், ரெசின தின்னுடும். இது தெரியாம வீல தூக்கிக் குடுத்துறாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். இத்தனைக்கும் உலகம் முழுக்க பைக்குக்கு கார்பன் வீல் அனுப்புற பிளாக்ஸ்டோன் டெக் இதே ஜோகன்னஸ்பர்க்லதான் இருக்கு (என் வீல் அவங்களோடது இல்ல), ஆனா என் உடைஞ்ச வீல சரி பண்ண ஒரு ஆள் கிடைக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

கடைசியா கிடைச்சவரு கிளைடர் விமானத்துக்கு இறக்கை ஒட்டுற பெரியவர். எல்லாரும் அவர ஊம்னுதான் கூப்பிடுவாங்க, ஆப்பிரிக்கான்ஸ்ல மாமா. மனுஷன் விலையே பேசல. டயர கழட்டச் சொல்லி, பாக்கெட்ல இருந்து அஞ்சு ராண்ட் காசு எடுத்து விளிம்பு சுத்தி தட்டிக்கிட்டே வந்தாரு. நம்ம ஊர்ல மண்பானை வாங்குறப்ப சுண்டிப் பாப்போம்ல, அதேதான். நல்ல இடத்துல "டிங் டிங்"னு வந்துச்சு, பிளவு கிட்ட வர வர "டப் டப்"னு செத்த சத்தம். சத்தம் மாறுற இடத்துல எல்லாம் சாக்பீஸ்ல கோடு போட்டாரு. கண்ணுக்கு உள்ளங்கை அகலம்தான், கோடு போட்டு முடிச்சப்ப ஒரு சாண் தாண்டிருச்சு! உள்ளுக்குள்ள அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருக்கு, வெளிய ஒன்னும் காட்டல. அப்புறம் ஆரக்கால் ஒவ்வொன்னையும் தட்டிட்டு, "இதுல ஒன்னு செத்த சத்தம் வந்திருந்தா வீல திருப்பிக் குடுத்துருப்பேன், விளிம்பு மட்டும்ங்கறதால தொடுறேன்"னாரு.

அடுத்து அவர் கேட்டது பிரேக் சூடு. உள்பக்கம்ங்கறது டிஸ்க்குக்கு நேரா இருக்குற இடம். ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆர்க்கு ஆஸ்திரேலியாவுல கார்பன் ரெவல்யூஷன் செஞ்ச வீல்ல இந்த சூட்டுக்காகவே உள்ள பிளாஸ்மால செராமிக் பூச்சு அடிச்சிருப்பாங்க. என் வீல்ல அது கிடையாது, அதனால சூடு தாங்குற ரெசினா பாத்துத்தான் போட்டாரு. உடைஞ்ச அடுக்க படிக்கட்டு மாதிரி சரிவா தேச்சு, ஒவ்வொரு படிக்கும் நார் ஓடுற திசை மாறாம புதுத் துணி வச்சு, வேக்யூம் பை போட்டு ராத்திரி பூரா மெதுவா சூடு ஏத்துனாரு. லோட் ஷெடிங் காலம், நடுவுல கரன்ட் போனா வேலை கெட்டுரும்னு ஜெனரேட்டர் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அவ்வளவு நேர்மையான வேலைய இந்த ஊர்ல நான் வேற எங்கயும் பாத்ததில்ல. கைய வச்சு தடவுனா எங்க ஒட்டுன்னு தெரியாது.

ஆனா காத்து நிக்கல. அதுதான் என் பிரச்சனை, ஒன்றரை வருஷமா. சனிக்கிழமை 2.4 பார் அடிச்சா அடுத்த சனிக்கிழமை 2.1. வால்வு மாத்தியாச்சு, டயரே புதுசு. தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தா ஒட்டு போட்ட இடத்துல ஒன்னும் இல்ல, அதுக்கு நாலு விரல் தள்ளி, நல்ல இடம்னு நாம நினைச்ச பக்கத்துல, கடுகு சைஸ்ல ஒரு குமிழி, அது போனதும் இன்னொன்னு. அடி பட்டப்ப ரெசின்ல முடி மாதிரி விரிசல் ஓடிருக்கு, நார் அறுந்து போகல, காத்து மட்டும் அது வழியா வெளிய போகுது. ஊம் உள்ள மெல்லிசா எபாக்ஸி பூசி விட்டாரு, காசு வாங்கல, மூணு மாசம் நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. "பலத்துக்கு ஒன்னும் இல்ல, காத்து வேற பலம் வேற"ங்கறாரு. அவர் சொல்றத நம்புறேன். ஆனா 120ல பிள்ளைங்க பின்னாடி தூங்கிட்டு வர்றப்ப அந்த டயர் லைட்டு மஞ்சளா எரிஞ்சா, நம்பிக்கைய வச்சு நான் என்ன செய்ய? கோவமா வருது, யார் மேல கோவப்படுறதுன்னும் தெரியல.

வீல் எப்படின்னு கேட்டா, சொர்க்கம். பழைய அலாய விட ஒன்னுக்கு மூணு கிலோ கிட்ட குறைவு, ஸ்டியரிங் கை சொல்றதுக்கு முன்னாடி திரும்புது, கரடு ரோட்டுல முன்ன இருந்த அந்த "கடகட" போயே போச்சு. கியாலாமி ரேஸ் டிராக்ல ஓட்டிட்டு இறங்குன அன்னைக்கு கண்ணு கலங்கிருச்சு. ரிப்பேரும் முதல் தரம்.

இருந்தாலும் தம்பி, நீ வாங்காத. எனக்கு என் வீல் எப்படி உடைஞ்சுதுன்னு தெரியும், சாக்பீஸ் கோட்ட என் கண்ணால பாத்தேன், அப்பவே எனக்குத் தூக்கம் வரல. உனக்கு அதுவும் தெரியாது. என் நாலையும் போன ஞாயித்துக்கிழமை கழட்டி சுவத்துல மாட்டிட்டு பழைய அலாய் போட்டுட்டேன்.

கேக்காம போயி பாக்கத்தான் போறேன்னா, டயர கழட்டிக் காட்டச் சொல்லு. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ கேளு. அஞ்சு ராண்ட் காசு ஒன்ன கையில வச்சுக்கோ, உள்பக்கத்துல இருந்து தட்ட ஆரம்பி. கழட்ட மாட்டேன்னு சொன்னா டீ கூட குடிக்காம கிளம்பி வந்துரு.