சிபிஏ என்று போர்டு போட்டிருந்தால் போதாது: டல்லாஸ் பக்கம் வரித் தாக்கலுக்கு ஆள் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பிப்ரவரி வந்துவிட்டால் "யாராவது நல்ல சிபிஏ தெரியுமா" என்ற கேள்வி தினமும் வரும். சிபிஏ என்றால் மாநில வாரியத்தின் உரிமம் பெற்ற கணக்காளர். உடனே யாராவது ஒரு பெயரும் நம்பரும் போடுவார்கள், நாலு பேர் "நானும் அவர்கிட்டதான், சூப்பர் ரீஃபண்டு" என்று கீழே எழுதுவார்கள். அப்படிக் கைமாறி வந்த ஒரு பெயரால் எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போட முடியாது. ஆனால் அவர் செய்த வேலையை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வருகிற சீசனிலும் கடை திறப்பார்கள்.

மளிகைக் கடையும் தோசைக் கடையும் இருக்கிற ஒரு வளாகத்தில் சின்ன ஆபீஸ். கதவிலும் கார்டிலும் பெயருக்குப் பின்னால் சிபிஏ. நன்றாகத் தமிழ் பேசுவார், பார்த்தவுடன் "எந்த ஊர் தம்பி" என்று கேட்பார். நான் முதல் நாளே உரிமத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார், அதைப் படம் எடுத்து அனுப்பியும் வைத்தார். அதில் அவர் பெயர்தான் இருந்தது, டெக்சாஸ் கணக்காளர் வாரியத்தின் முத்திரையும் உண்மையான முத்திரைதான். போலிச் சான்றிதழ் இல்லை அது. அதை வைத்துத்தான் ஏமாற்றினார்.

இங்கேதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்தச் சான்றிதழ், ஒரு காலத்தில் தேர்வு எழுதி, படிப்பும் அனுபவமும் காட்டி அவர் தகுதி பெற்றார் என்று மட்டும்தான் சொல்லும். இன்றைக்கு அவர் சிபிஏவாகத் தொழில் செய்யலாமா என்பதைச் சொல்வது உரிமம். டெக்சாஸில் அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், தொடர்கல்வி மணி நேரம் காட்ட வேண்டும். இவருடைய உரிமம் பல வருடமாகப் புதுப்பிக்கப்படாமல் செத்துக் கிடந்தது. வாரியத்தின் இணையதளத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் அது இருந்தது, ஆனால் ஃபிரேமுக்குள் இருக்கிற காகிதத்தில் காலாவதித் தேதி இருக்காது.

சரி, அவர் செய்தது என்ன? கம்பெனி கொடுக்கும் W-2 என்ற சம்பளத் தாள், வங்கி வட்டித் தாள்கள், ஊரில் இருக்கும் என்ஆர்இ (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) டெபாசிட் விவரம் எல்லாம் கொடுத்தேன். டெபாசிட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதுக்கு இந்தியாவுலேயே டாக்ஸ் கிடையாது, இங்க எதுக்குக் காட்டணும், விடுங்க" என்றார். இது சுத்தமான தவறு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது உண்மை, ஆனால் அமெரிக்காவில் வரி கணக்கில் குடியிருப்பவராக இருக்கிற நமக்கு உலகத்தில் எங்கே வந்த வருமானமும் வருமானம்தான். அதற்கு மேல், வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் விட்டால் வரும் அபராதம் சின்னத் தொகை இல்லை. அவர் அடித்துச் சொன்னதால் சந்தேகத்தோடே வந்தேன், பிறகு மெயிலில் திரும்பக் கேட்டேன். பதில் வரவில்லை. ரிட்டர்ன் தாக்கலாகிவிட்டது என்ற செய்தியும் ஒரு பிடிஎஃப்பும் மட்டும் வந்தன. கையெழுத்துப் படிவம் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றார். பிடிஎஃப்பில் போட்டிருந்த ரீஃபண்டு தொகை சரியாக என் கணக்குக்கு வந்தது.

அப்புறம் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம். சொந்தத் தொழில் கணக்கைக் காட்டும் ஷெட்யூல் சி-யில் காட்டியிருக்கும் தொழில் நஷ்டத்துக்கும் செலவுகளுக்கும் ஆதாரம் அனுப்புங்கள் என்று. நான் எச்-1பி விசாவில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், எனக்கு எங்கே தொழில்? என்னிடம் இருந்த பிடிஎஃப்பில் ஷெட்யூல் சி என்ற பக்கமே கிடையாது. ஐஆர்எஸ் இணையதளத்தில் என் கணக்கைத் திறந்து, தாக்கலான ரிட்டர்னின் பதிவான டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்குக் கொடுத்த ரிட்டர்ன் வேறு, அனுப்பிய ரிட்டர்ன் வேறு. அனுப்பியதில் நான் கன்சல்டிங் தொழில் செய்து நஷ்டப்பட்டதாக எழுதி, ரீஃபண்டை 4,000 டாலருக்கு மேல் ஏற்றியிருந்தார். ரீஃபண்டை இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரித்துப் போடச் சொல்வதற்கு 8888 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, பிடிஎஃப்பில் காட்டிய தொகையை எனக்கும், ஏற்றிய தொகையை எனக்குத் தெரியாத ஒரு கணக்குக்கும் போக வைத்திருந்தார்.

பணத்தை விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஷெட்யூல் சி. எச்-1பியில் இருப்பவருக்குத் தனியாகத் தொழில் செய்ய அனுமதி கிடையாது. அப்படி இருக்க, என் பெயரில் அரசாங்கத்துக்குப் போன காகிதத்தில் நான் சொந்தத் தொழில் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறது. நாளைக்கு கிரீன் கார்டு நேர்காணலில் வரி ரிட்டர்ன்களைக் கேட்டால் அதை நான்தான் விளக்க வேண்டும். ஒரு மனிதன் சில ஆயிரம் டாலருக்காக இன்னொரு குடும்பத்தின் விசாவில் கை வைக்கிறான் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். முதலில் "ஐஆர்எஸ் சிஸ்டம்ல ஏதோ தப்பு" என்றார். டிரான்ஸ்கிரிப்டை அனுப்பிய பிறகு போனை எடுக்கவில்லை.

என்னிடம் பலர் கேட்டது, உரிமமே இல்லாதவர் எப்படி ரிட்டர்ன் போட முடிகிறது என்று. முடியும், அதுதான் நிலைமை. காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிக்கிற எல்லாரும் ஐஆர்எஸ்ஸிடம் பிடின் என்ற எண் வாங்க வேண்டும், P எழுத்தும் எட்டு இலக்கமும் இருக்கும், அவ்வளவுதான். அதற்குத் தேர்வு கிடையாது. 2011-இல் ஐஆர்எஸ் இவர்களுக்கெல்லாம் தேர்வு வைக்க விதி கொண்டுவந்தது, அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் நிறுத்திவிட்டது, 2014-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. கலிஃபோர்னியா, ஓரிகன் மாதிரி சில மாநிலங்கள் சொந்தமாகக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, அவ்வளவே. ஆகவே ரிட்டர்ன் போடுவது குற்றமில்லை. உரிமம் இல்லாமல் சிபிஏ என்று போட்டுக்கொள்வதுதான் மாநிலச் சட்டப்படி குற்றம். ஆனால் அதை யாராவது புகார் செய்தால்தான் வாரியத்துக்குத் தெரியவரும்.

இனி பார்க்கிற விதம். அமெரிக்காவில் சிபிஏ உரிமத்தை மத்திய அரசு கொடுப்பதில்லை, ஒவ்வொரு மாநிலத்தின் கணக்காளர் வாரியமும் கொடுக்கிறது. அதனால் ஆளிடம் கேட்க வேண்டியது இரண்டு: எந்த மாநில உரிமம், என்ன எண். நேர்மையானவர் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்புறம் சிபிஏ வெரிஃபை என்ற இலவச இணையதளம் இருக்கிறது, மாநில வாரியங்களின் கூட்டமைப்பான நாஸ்பா நடத்துவது, பல மாநிலத் தகவல்களையும் ஒரே இடத்தில் தேடலாம். உரிம எண், எப்போது கொடுத்தது, எப்போது முடிகிறது, இப்போதைய நிலை என்ன என்று வரும். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் அதற்கான குறிப்பும் பல மாநிலங்களுக்கு இருக்கும். அதோடு நிறுத்தாமல் அந்த மாநில வாரியத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை தேடுங்கள், மூலத் தகவல் அங்கேதான். டெக்சாஸ் வாரியத்தில் ஆளுக்குத் தனி, நிறுவனத்துக்குத் தனி என்று இரண்டு தேடல்கள் உண்டு. நிறுவனத்தின் பெயரிலேயே சிபிஏ என்று இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

நிலை என்கிற இடத்தில் ஆக்டிவ் என்று இருக்க வேண்டும். ஓய்வு, செயலில் இல்லை, காலாவதி, ரத்து என்று வேறு எது இருந்தாலும் அவருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று வாரியத்தையே கேளுங்கள், அவரைக் கேட்காதீர்கள்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத் தேடும்போதுதான் உணர்ந்தேன். தமிழ்ப் பெயர்களில் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போயிருக்கும், அல்லது பாஸ்போர்ட்டில் முன்னும் பின்னும் மாறியிருக்கும், கார்டில் ஒரு எழுத்தை மட்டும் போட்டிருப்பார்கள். அதனால் ஒருமுறை தேடி ஒன்றும் வரவில்லை என்றால் உடனே ஆள் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு பெயர்களையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஸ்பெல்லிங்கை மாற்றுங்கள், கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கேளுங்கள். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: கார்த்திக், செந்தில் மாதிரிப் பெயர்களில் நாலைந்து பேர் வருவார்கள், அதில் ஒருவர் ஆக்டிவ் என்பதற்காக உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான் என்று ஆகிவிடாது. அதற்காகத்தான் எண் வேண்டும்.

வேறு மாநில உரிமம் வைத்திருப்பதும் தப்பில்லை. பெரும்பாலும் ஒரு மாநிலத்து சிபிஏ இன்னொரு மாநிலத்தில் இருப்பவருக்கும் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. நியூஜெர்சி உரிமம் என்றால் நியூஜெர்சியில் தேடுங்கள், அவ்வளவுதான்.

ரிட்டர்னுக்கு சிபிஏதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என்ரோல்டு ஏஜென்ட் என்பவர்கள் வரி விஷயத்தில் ஐஆர்எஸ்ஸே அங்கீகாரம் கொடுத்தவர்கள், எந்த மாநிலத்தவருக்காகவும் ஐஆர்எஸ் முன்னால் ஆஜராகலாம். என் சிக்கலை இப்போது கையாள்கிறவர் ஓர் என்ரோல்டு ஏஜென்ட்தான். சிபிஏ, என்ரோல்டு ஏஜென்ட், வக்கீல் ஆகியோரைத் தேட ஐஆர்எஸ் தளத்தில் ஒரு டைரக்டரி இருக்கிறது, ஊர் அஞ்சல் எண்ணைப் போட்டால் பட்டியல் வரும். நம் ஊர் சிஏ படிப்பு கடினமான படிப்பு, அதில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அது இந்தியத் தகுதி. அதை வைத்து அமெரிக்காவில் சிபிஏ என்று யாரும் போட்டுக்கொள்ள முடியாது.

உரிமம் சரியாக இருந்தாலும் ரிட்டர்னைப் பாருங்கள். முக்கிய வரிப் படிவமான 1040-இன் இரண்டாம் பக்கத்தின் அடியில், காசு வாங்கித் தயாரித்தவர் நிரப்ப வேண்டிய கட்டம் இருக்கிறது: பெயர், கையெழுத்து, பிடின், நிறுவனம். அது காலியாக இருந்தாலோ, நாமே தயாரித்ததாகக் குறித்திருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். இப்படிக் கையெழுத்துப் போடாமல் ஒளிந்துகொள்கிறவர்களைப் பற்றி ஐஆர்எஸ் ஒவ்வொரு சீசனிலும் எச்சரிக்கிறது. மின்வழியில் அனுப்புவதற்கு முன் உங்களிடம் 8879 படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், முழு ரிட்டர்னையும் காட்டிய பிறகு. என்னிடம் அதை வாங்காமலே, நானே அனுப்பியது மாதிரி அனுப்பியிருக்கிறார். அதற்குத் தேவையான, போன வருட ரிட்டர்னில் இருக்கும் வருமானத் தொகை அவரிடம் இருந்தது, பழைய ரிட்டர்னைத்தான் ஆரம்பத்திலேயே வாங்கி வைத்திருந்தாரே. கட்டணத்தை ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று சொல்கிறவரிடமும் போகாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஐஆர்எஸ் கணக்கைத் திறந்து டிரான்ஸ்கிரிப்டை உங்களிடம் இருக்கும் நகலோடு ஒப்பிடுங்கள், கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வேறுபாடு இருந்தால் 14157 படிவத்தில் தயாரித்தவர் மேல் புகார், அதோடு உங்களுக்குத் தெரியாமல் ரிட்டர்னை மாற்றியிருந்தால் 14157-ஏ என்ற உறுதிமொழிப் படிவம். ரீஃபண்டு பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால் போலீஸில் கொடுத்த புகாரின் நகலும் கேட்பார்கள், ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப், மெயில், கட்டணம் கட்டிய ரசீது, சான்றிதழ் படம், கதவில் இருக்கும் போர்டின் படம் எதையும் அழிக்காதீர்கள். மாநில வாரியத்திலும் புகார் கொடுங்கள். அவர்கள் பணத்தை மீட்டுத் தர மாட்டார்கள், ஆனால் சிபிஏ என்ற பெயரை அவர் பயன்படுத்துவதைத் தடுக்க முடியும். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் அவர் கையில் இருப்பதால் ஐஆர்எஸ்ஸில் ஐபி பின் என்ற ஆறு இலக்க ரகசிய எண்ணை வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் உங்கள் பெயரில் மின்வழி ரிட்டர்ன் ஏறாது. எச்-1பியில் இருப்பவர்கள் குடிவரவு வக்கீலிடமும் சொல்லி வையுங்கள்.

திருத்த ரிட்டர்ன், டெபாசிட் வட்டி, எஃப்பார் எல்லாம் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிட்டர்னில் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு என்பதுதான் ஐஆர்எஸ்ஸின் அடிப்படை நிலைப்பாடு, அதனால் நான் எழுதவில்லை என்பதை ஒவ்வொரு காகிதமாகக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆபீஸ் இப்போது பூட்டியிருக்கிறது, ஆனால் அதே நம்பர் வேறொரு நிறுவனப் பெயரில் போன வாரம் இன்னொரு குழுவில் வந்தது. அந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள்.