பித்தோன் சேன்ட்-ரோஸ் லாவா மாதா கோயில்: வாசலோட திரும்பிடாதீங்க (5க்கு 4)

ரெயூனியன் தீவுல இருக்குற நம்மாளுங்க முக்கால்வாசி பேரு இந்தக் கோயிலுக்குப் போயிருப்பீங்க, ஆனா வாசல்ல கருங்கல்லா உறைஞ்சு கெடக்குற லாவாகிட்ட நின்னு நாலு செல்ஃபி எடுத்துட்டு அப்படியே கார்ல ஏறிடுறீங்க, அதைப் பார்த்துப் பார்த்து கடுப்பாகித்தான் இத எழுதுறேன்.

கதை தெரியாதவங்களுக்கு மட்டும்: 1977 ஏப்ரல்ல எரிமலை எப்பவும் வெடிக்கிற எல்லைக்கு வெளிய வெடிச்சு, லாவாக் குழம்பு ஊருக்குள்ள இறங்கி மெயின் ரோட்டைத் தாண்டி கடல் வரைக்கும் போச்சு. வீடுங்க போச்சு, ஜாந்தார்மெரி (போலீஸ் ஸ்டேஷன்) போச்சு. சனங்கள முன்னாடியே வெளியேத்திட்டதால ஒரு உயிரும் போகல. கோயிலை மட்டும் ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. அதிசயமா, சரிவோட வாட்டமான்னு நீங்களே சண்டை போட்டுக்கங்க, நான் வரல.

நான் சொல்ல வந்தது உள்ள இருக்குற கலர் கண்ணாடி ஜன்னலுங்களப் பத்தி. மத்த கோயில்ல கண்ணாடின்னா புனிதருங்க படம், கீழ ஓரமா காசு குடுத்த குடும்பத்தோட பேரு, அவ்ளோதான். இதே தீவுல ரிவியேர் தே ப்ளுய் ஊர்ல இருக்குற கருப்பு மாதாகிட்ட போனாலும் குடும்பம் குடும்பமா வச்ச 'மெர்சி' (நன்றி) பலகைங்கதான், அதுவும் அழகுதான், ஆனா அவங்கவங்க வீட்டு நன்றி அது. இங்க அந்த எரிமலை வெடிச்ச கதையவே கண்ணாடியில கொண்டு வந்துட்டாங்க, ஒரு ஊரே சேர்ந்து வச்ச நினைவுக்கல்லு மாதிரி. வெயில் அடிக்கும்போது அந்த செவப்பும் ஆரஞ்சும் ஜொலிக்குது பாருங்க, வெளிய கறுத்துப் போய்க் கெடக்குற அதே குழம்பு உள்ள இன்னும் சூடா இருக்குற மாதிரி தோணும். அந்தக் காலத்து பேப்பர் கட்டிங்கும் வச்சிருக்காங்க, மொதல்ல அதப் படிச்சுட்டு அப்புறம் ஜன்னலப் பாருங்க, நல்லா புரியும்.

காலையிலயே போயிடுங்க, கிழக்குப் பக்கம் மத்தியானத்துக்கு மேல மேகம் கட்டிடும், வெளிச்சம் இல்லன்னா கண்ணாடி வெறும் கண்ணாடிதான். பூசை நேரத்துல கேமராவ வெளிய எடுக்காதீங்க ப்ளீஸ். ஒரு ஸ்டார் குறைச்சது கோயிலுக்காக இல்ல, டூரிஸ்ட் பஸ்லருந்து இறங்கி உள்ள கத்திக்கிட்டே சுத்துற கூட்டத்துக்காக.

அப்படியே பக்கத்துல ஆன்ஸ் தே காஸ்காட் கடலோரத்துக்குப் போய் தென்னமரத்தடியில சாப்பாட்டுக் கட்டைப் பிரிக்கலாம், ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் சீக்கிரமா போய் எடம் பிடிச்சிடுங்க.