வசந்தகாலக் கேமலினா விதை: குளிர்நிலத்தில் விதைத்தவரின் மதிப்புரை

கனோலா என்னும் கடுகின எண்ணெய்ப் பயிர் சரிவர வராத வறண்ட, சத்துக் குறைந்த குளிர்நிலங்களுக்கு ஏற்ற எண்ணெய் வித்து என்று சொல்லி விற்கப்படும் கேமலினாவின் வசந்தகால ரகத்தை, என் நிலத்தின் மணற்பாங்கான பகுதியில் விதைத்துப் பார்த்தேன். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பயிர் 85 முதல் 100 நாளில் முற்றிவிடுவதால், கோடை குறுகிய வட்டாரங்களுக்குப் பொருந்தும் என்பது உண்மையே.

வந்த விதை தூசி, உடைசல் இன்றிச் சுத்தமாக இருந்தது; முளைப்பும் சீராக வந்தது. தொல்லை கொடுப்பது அதன் அளவு. ஆயிரம் விதை சேர்ந்தாலும் ஏறத்தாழ 1 கிராம்தான் தேறும் என்பதால், விதைப்பெட்டியின் மூட்டில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் விதை ஒழுகிக்கொண்டே போகும். ஒட்டுநாடா கொண்டு அடைத்த பிறகே இயந்திரத்தை வயலில் இறக்க வேண்டும். எக்டேருக்கு 5, 6 கிலோ போதும். ஆனால் 1 சென்டிமீட்டருக்கும் கீழே புதைந்தால் முளை மேலே வரத் திணறும்.

குளிரைத் தாங்கும் திறனுக்கு முழு மதிப்பெண் தரலாம். முளைத்த பின் விழுந்த உறைபனியில் இலை விளிம்பு ஊதா பாய்ந்ததே தவிர, நாற்றுகள் சாகவில்லை. பக்கத்துக் கனோலாவின் வித்திலைகளைத் தெள்ளு வண்டுகள் சல்லடையாக்கியபோதும் இதை அவை ஏறக்குறைய சீண்டவே இல்லை. பூச்சிமருந்துச் செலவில் மிச்சமானது இதனால்தான்.

களை விஷயத்தில் நிலைமை வேறு. அகன்ற இலைக் களைகளைக் கொன்று கேமலினாவை விட்டுவைக்கும் மருந்துகள் மிகக் குறைவு. எனவே களை மண்டிய நிலத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முந்தைய தானியப் பயிருக்குத் தெளித்த சல்ஃபோனைல்யூரியா வகைக் களைக்கொல்லியின் எச்சம் மண்ணில் தங்கியிருந்தாலும் பயிர் குன்றிப்போகும். என் வயலோரத்தில் ஒரு பட்டை மஞ்சளித்து நின்றதற்கு அதுவே காரணம். விதை விற்றவர்கள் தந்த குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது பெரிய குறை.

அறுவடையில் காய்கள் கனோலாவைப் போல எளிதில் வெடித்துச் சிதறவில்லை. அறுவடை இயந்திரத்தில் உமியை ஊதித் தள்ளும் காற்றாடியின் வேகத்தை மட்டும் நன்றாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை உமியோடு பறந்துவிடும்.

விதையில் பொதுவாக 35 முதல் 40 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்களவு ஒமேகா-3 வகையான ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இயற்கையாகவே உள்ள வைட்டமின் ஈ காரணமாக ஆளி விதை எண்ணெயைப் போல விரைவில் சிக்கு வாடை அடிப்பதில்லை. உணவில் அதிகமானால் நல்லதல்ல எனக் கருதப்படும் எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கனோலாவைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், உணவுக்காக விற்பவர்கள் அந்த அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, கனோலாவை வாங்கும் கிடங்குகள் எல்லாம் இதை வாங்குவதில்லை. கொள்முதல் ஒப்பந்தம் கையில் இல்லாத ஆண்டில் நான் இவ்விதையை மீண்டும் வாங்க மாட்டேன்.