ஆல்ஃபாவை விட எனக்குக் கை கொடுத்தது திட்டப்பிழைதான்

கோபி, ஈரோடு, நாமக்கல் பக்கம் பிளஸ் டூ என்றால் வாராவாரம் தேர்வு, மார்க் வந்ததும் ரேங்க், ரேங்க் படி செக்‌ஷன். அதனால்தான் வினாத்தாளின் நம்பகத்தன்மையை, அதாவது அதே மாதிரி தேர்வைத் திரும்ப வைத்தாலும் மார்க் எவ்வளவு மாறாமல் வரும் என்பதை, கணக்கிட ஆரம்பித்தேன். பல வருடங்களாகத் தொடர்கிறேன்.

ஒரு மார்க் கொள்குறி வினாக்களுக்குக் கியூடரும் ரிச்சர்ட்சனும் 1937இல் வெளியிட்ட கே.ஆர். 20 சூத்திரம். 2, 3, 5 மார்க் கலந்த தாளுக்குக் கிரான்பாக் ஆல்ஃபா. இரண்டுமே நம்பகத்தன்மையை வழக்கமாக 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகத் தரும், 1ஐ நெருங்கினால் நல்லது. எக்செல் போதும். ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் 1, 0 என்று ஏற்றுவதுதான் சலிப்பான வேலை. ஜமோவி மென்பொருள் இலவசம், அதில் ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மை எண்ணும் கிடைக்கும்.

ஆல்ஃபா எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 20 கேள்வித் தாளில் 0.60 வந்தால், அதே தரத்தில் இன்னும் 20 சேர்த்தாலே தாளின் நீளத்துக்கேற்ப நம்பகத்தன்மை எப்படி மாறும் என்று சொல்லும் ஸ்பியர்மேன்-பிரவுன் கணக்குப்படி 0.75 ஆகிவிடும். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் திரட்டிய 'ஏ' செக்‌ஷனில் அதே தாளுக்கு எண் இறங்கும். தாள் கெட்டுப்போகவில்லை, எல்லார் மார்க்கும் நெருங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கேள்விக்கும் மொத்த மார்க்குக்கும் உள்ள ஒட்டுறவையும் கட்டாயம் பாருங்கள். உயிரியல் தாள் ஒன்றில் 'தாவர செல்லில் மட்டும் காணப்படுவது எது?' என்ற கேள்விக்கு அது மைனஸில் வந்தது, அதாவது மொத்தத்தில் அதிக மார்க் வாங்கியவர்களே இந்தக் கேள்வியில் அதிகம் தவறியிருந்தார்கள். விடைக்குறிப்பில் செல் சுவர். காளானுக்கும் பாக்டீரியாவுக்கும் செல் சுவர் உண்டு என்று தெரிந்த பிள்ளைகள் பசுங்கணிகத்தைக் குறித்து மார்க்கை இழந்திருந்தார்கள். பாசியிலும் பசுங்கணிகம் உண்டு என்பதால் கேள்வியே செல்லாது, நீக்கிவிட்டோம்.

இதையெல்லாம் விட உதவியது அளவீட்டுத் திட்டப்பிழை. ஒருவர் வாங்கிய மார்க் அவருடைய உண்மையான மார்க்கிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கலாம் என்று அது சொல்லும். 40 மார்க் தாள், திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 6, நம்பகத்தன்மை 0.75 என்றால் பிழை 3 மார்க். இரண்டு பேரை ஒப்பிட்டால் அது 4.2 வரை போகும். "ரெண்டு மார்க்குல எம் பையனைப் பி செக்‌ஷன்ல போட்டுட்டீங்களேங்க சார்" என்று ஓர் அம்மா கேட்டார். அவர் கேட்டது நியாயம். 26க்கும் 24க்கும் நடுவில் கோடு கிழிக்கும் துல்லியம் அந்தத் தாளுக்குக் கிடையாது.

இப்போது எல்லைக்கோட்டுக்கு மேலும் கீழும் 3 மார்க்குக்குள் இருப்பவர்களை உடனே மாற்றுவதில்லை. அடுத்த இரண்டு தேர்வுகளையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் செக்‌ஷன் மாற்றுகிறோம்.