முகாம் மைதானத்தின் 50 ஆம்பியர் இணைப்பில் மின்சார ட்ரக்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் மின்சார பிக்கப் ட்ரக்கை ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையை விட்டு விலகிச் செல்பவர்களுக்கு, விரைவு சார்ஜிங் நிலையங்களைக் காட்டிலும் அதிகம் கைகொடுப்பவை, ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளுக்காக முகாம் மைதானங்களில் பல்லாண்டுகளாக இருந்துவரும் மின்னிணைப்புகளே. நாங்கள் பயன்படுத்துவது ரிவியன் ஆர்1டி என்னும் ட்ரக். அதனுடன் அந்நிறுவனத்தின் 32 ஆம்பியர் கையடக்கக் கேபிள். வண்டி, கேபிள், மைதானத்துச் சாக்கெட் ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்கும் ஏற்பாட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரவு தங்குபவருக்கு 50 ஆம்பியர் இணைப்பு மிகச் சிறந்தது, ஆனால் அது தரக்கூடிய அளவு முழுவதையும் இழுப்பது சரியன்று, 30 ஆம்பியர் இணைப்பை வேறு வழியில்லாதபோது மட்டுமே நாட வேண்டும்.

ஒவ்வொரு முகாமிடத்தின் ஓரத்திலும் முழங்கால் முதல் இடுப்பு வரையிலான உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். அதன் மூடியைத் தூக்கினால் பெரும்பாலும் மூன்று சாக்கெட்டுகள் தெரியும்: நான்கு துளைகள் கொண்ட 50 ஆம்பியர், மூன்று துளைகள் கொண்ட 30 ஆம்பியர், வீட்டில் இருப்பதைப் போன்ற 20 ஆம்பியர். ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கர் உண்டு. 50 ஆம்பியர் சாக்கெட்டில் இரண்டு ஃபேஸ் கம்பிகள் இருப்பதால் 240 வோல்ட் கிடைக்கிறது. மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும் சுமை பிரேக்கர் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதியாதலால், இங்கே உச்சவரம்பு 40 ஆம்பியர். எங்கள் கேபிள் 32 ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. அதாவது 7.7 கிலோவாட், மணிக்கு ஏறக்குறைய 7.7 யூனிட். மாலை ஏழு மணிக்குச் செருகிக் காலை எட்டு மணிக்கு எடுத்தால் 100 யூனிட் ஏறியிருக்கும். சாதாரண ஓட்டத்தில் அது 200 மைல் தூரத்துக்குப் போதும். பின்னால் வீட்டு வண்டியை இழுத்துச் சென்றால் அதில் பாதியை எதிர்பார்ப்பதே பாதுகாப்பு.

எனினும் இந்த 7.7 கிலோவாட், மைதானத்தின் பார்வையில் சிறிய சுமை அன்று. வீட்டு வண்டியின் ஏசி ஒன்று ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட் எடுக்கும்; அதுவும் நின்று நின்று ஓடும். சார்ஜ் ஏறும் ட்ரக்கோ, ஐந்து ஏசிகள் விடிய விடிய இடைவெளியின்றி ஓடுவதற்குச் சமம். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் கொண்ட மைதானத்துக்கு, எல்லா இடங்களின் கணக்கிட்ட சுமையையும் கூட்டி, அதில் 41 சதவீதத்தைத் தாங்கும் அளவுக்கு மின்தடங்களை அமைத்தால் போதும் என்று அனுமதிக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு அளவில் இழுக்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு அது. வீட்டு வண்டிகளுக்கு அந்த நம்பிக்கை பொருந்தும். ஒரே வரிசையில் நான்கைந்து மின்சார ட்ரக்குகள் வந்து நின்றால் பொருந்தாது. டெக்சஸ் கோடையில் மாலை ஆறு மணிக்கு, அத்தனை ஏசிகளும் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில் உள்ள கடைசி இடங்களில் லோ வோல்டேஜ் தலைகாட்டுவதற்கும் இதுதான் காரணம். வோல்டேஜ் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், பக்கத்து இடத்தில் நிற்கும் வீட்டு வண்டியில் பொருத்தியிருக்கும் பாதுகாப்புக் கருவி அந்த வண்டியின் மின்சாரத்தையே துண்டித்துவிடும். நம் ட்ரக்கின் பேட்டரி நிரம்ப வேண்டும் என்பதற்காக இன்னொரு குடும்பம் புழுக்கத்தில் தூங்க நேர்வது நியாயமாகாது.

இதற்கு ஆர்1டி தரும் தீர்வு எளிமையானது, பாராட்டுக்கும் உரியது. எத்தனை ஆம்பியர் இழுக்க வேண்டும் என்பதை வண்டியின் திரையிலேயே குறைத்துக்கொள்ளலாம். எந்த நேரத்தில் சார்ஜ் தொடங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே குறித்துவைக்கலாம். நாங்கள் வழக்கமாக 24 ஆம்பியரில் நிறுத்தி, வெயிலின் சூடு தணிந்த பிறகு தொடங்குமாறு வைக்கிறோம். இரவு பத்து மணியிலிருந்து காலை எட்டு மணி வரை அந்த வேகத்தில் 57 யூனிட் ஏறும். அடுத்த நகரத்தின் விரைவு சார்ஜிங் நிலையத்தை அடைய அது தாராளம். திரையில் இவ்வாறு குறைக்கும் வசதி இல்லாத வண்டியை வைத்திருப்பவர்கள், ஆம்பியரைத் தன்னிலேயே மாற்றிக்கொள்ளக்கூடிய கேபிள் ஒன்றை வாங்குவது நல்லது. மைதானத்துக்குச் செல்ல நினைப்பவருக்கு அதிகபட்ச வேகத்தைவிட இந்த வசதியே முக்கியம்.

30 ஆம்பியர் சாக்கெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழைய மைதானங்கள் பலவற்றில் அது மட்டுமே உண்டு, கடைகளில் அதற்கென விற்கும் அடாப்டர்களோ புதியவர்களைக் குழப்புகின்றன. அதில் ஒரே ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த்; வோல்டேஜ் 120தான். வீட்டு வண்டிக்காரர்கள் வாங்கும் 30-இலிருந்து 50-க்கு மாற்றும் அடாப்டர், அந்த ஒற்றை ஃபேஸைப் பிரித்து 50 ஆம்பியர் சாக்கெட்டின் இரண்டு ஃபேஸ் துளைகளுக்கும் கொடுக்கிறது. வீட்டு வண்டியில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சாதனங்கள் இயங்குவதால் இது அங்கே வேலை செய்யும். சார்ஜிங் கேபிளோ நியூட்ரலைத் தொடுவதே இல்லை. இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையிலான வோல்டேஜையே அது எதிர்பார்க்கிறது. இரண்டும் ஒரே கம்பி என்பதால் அங்கே பூஜ்யம்தான் இருக்கும், கேபிளின் விளக்கு எரியவே எரியாது. மின்சார வண்டிகளுக்கென்றே தனியாகச் செய்யப்படும் அடாப்டர், ஃபேஸை ஒரு துளைக்கும் நியூட்ரலை மற்றொரு துளைக்கும் தருகிறது. 120 வோல்ட்டை ஏற்கும் கேபிள்களோடு இது இயங்கும். ஆனால் தான் 50 ஆம்பியர் சாக்கெட்டில் இருப்பதாகவே கேபிள் எண்ணிக்கொள்வதால், முதலிலேயே வண்டியில் 24 ஆம்பியர் என்று குறைக்காவிட்டால் பிரேக்கர் ட்ரிப் ஆகும். இந்த அடாப்டரைத் தவறிப்போய் வீட்டு வண்டியில் செருகினால் அதன் சாதனங்கள் பழுதாகக்கூடும். ஆகவே அதன் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பாடுபட்டும் கிடைப்பது மணிக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு.

20 ஆம்பியர் சாக்கெட்டில் எங்கள் கேபிளின் சாதாரண வீட்டு பிளக் 12 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். இரவு முழுதும் ஏறினாலும் நாற்பது மைல்கூடத் தேறாது. மின்கசிவுக் காப்பு அதிலேயே இருப்பதால், மழை ஈரத்தில் அடிக்கடி ட்ரிப் ஆகவும் செய்யும்.

சாக்கெட்டின் நிலை மைதானத்துக்கு மைதானம் வேறுபடுகிறது. ஆண்டு முழுவதும் பலர் செருகிப் பிடுங்குவதால் உள்ளிருக்கும் பித்தளைப் பிடிகள் தளர்ந்துபோகின்றன. தளர்ந்த பிடி சூடேறும், சூடேறியது உருகும். தனியார் மைதானம் ஒன்றில் எங்கள் பிளக்கின் தலை, கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. அலுவலகத்தில் சொன்னபோது வேறு இடம் கொடுத்தார்கள், அந்தச் சாக்கெட்டை மாற்றினார்களா என்பது வேறு விஷயம். செருகும்போதே தளர்வாக இருந்தாலோ, துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் படிந்திருந்தாலோ, அங்கே சார்ஜ் போடாதீர்கள். தொடங்கி அரைமணி கழித்து ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அவசியம். பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு பிரேக்கரைப் போட்டு, கடைசியாக வண்டியில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கேபிளின் கட்டுப்பாட்டுப் பெட்டி கனமானது. அது சாக்கெட்டிலிருந்து அந்தரத்தில் தொங்காதவாறு ஏதாவது ஒன்றின் மேல் தாங்கி வையுங்கள். நாங்கள் கவிழ்த்த வாளி ஒன்றைப் பயன்படுத்துகிறோம்.

வண்டியைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் சுரங்கப் பெட்டியில் கேபிள் கச்சிதமாக அடங்குகிறது. மேடுபள்ளமான இடத்தில் வண்டி தானாகவே தன்னைச் சமன் செய்துகொள்ளும் கேம்ப் மோட் வசதி, கூரைக் கூடாரத்தில் படுப்பவருக்கு வரப்பிரசாதம்.

பணக்கணக்கு மைதானக்காரர் பக்கத்திலிருந்தும் பார்க்கப்பட வேண்டியது. யூனிட் 15 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 80 யூனிட்டுக்கு அவர் 12 டாலர் கட்டுகிறார். ஓர் இரவு வாடகையில் அது கணிசமான பங்கு. ஆகவே சில மைதானங்கள் தனிக் கட்டணம் வாங்குவதையும், வேறு சில அறவே தடுப்பதையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கேட்காமல் செருகுவதுதான் தவறு.

தேசியப் பூங்காக்களை நம்பிப் போகிறவர்கள் முன்பே விசாரிக்க வேண்டும். யோசெமிட்டியின் முகாம் மைதானங்களில் மின்னிணைப்பே கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் ஒன்றில் மட்டுமே உண்டு. அங்கும் கூடாரத்துக்கு அனுமதியில்லை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்னும், மின்னிணைப்புள்ள ஆர்வி மைதானம் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது ‘மின்வசதி உண்டு’ என்ற பொதுவான குறிப்போடு திருப்தியடையாமல், 50 ஆம்பியர் என்று தெளிவாகக் குறித்த இடத்தையே தேர்ந்தெடுங்கள். பிறகு தொலைபேசியில் அழைத்து, வண்டிக்குச் சார்ஜ் போட அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, எந்த வரிசை டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் உள்ளது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் இருப்பவருக்குப் பதில் தெரியாவிட்டாலும், பராமரிப்புப் பணியாளருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.