பந்தயத்தடமும் போர்க்களமும்: பிரான்சில் எட்டு நாள் மோட்டார் சைக்கிள் சுற்றுலா

லெ மான் நகரில் நடைபெறும் பிரெஞ்சு மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தையும், இரண்டு உலகப் போர்களின் களங்களையும் ஒரே பயணத்தில் காட்டுவதாக அறிவித்திருந்த ஒரு சுற்றுலா நிறுவனத்துடன் 2025 மே 5 முதல் 12 வரை பிரான்சில் பைக் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் நிறையும் குறையும் இவ்வகைப் பயணங்களை நடத்தும் பலருக்கும் பொருந்தும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் எதையெதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவினால் போதும்.

பயணிகள் ஏழு பேர், முன்னால் பைக்கில் ஒரு வழிகாட்டி, பின்னால் பெட்டிகளைச் சுமந்து வரும் ஒரு வேன் என்பது எங்கள் அணிவகுப்பு. விமானக் கட்டணம் நீங்கலாக, வாடகை பைக், ஏழு இரவுத் தங்கல், காலை உணவு, பந்தய நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது ஏறத்தாழ 3,400 யூரோ. பெட்ரோல், மதிய உணவு, இரவு உணவு ஆகியவை நம் செலவு. இந்தத் தொகைக்கு இந்தப் பயணம் தகுமா என்றால், வழிகாட்டிக்காகத் தகும், கால அட்டவணைக்காகத் தகாது என்பதே என் கணிப்பு.

வழிகாட்டி, பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர். பந்தயமும் போரும் பிரான்சில் ஒரே சாலைகளில்தான் நடந்தன என்பதை அவர் முதல் நாளிலேயே காட்டிவிட்டார். பாரிஸிலிருந்து ரெய்ம்ஸ் நகருக்குப் போகும் வழியில், நகருக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, குயூ என்னும் சிற்றூரை ஒட்டிக் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சாதாரண மாவட்டச் சாலை செல்கிறது. அந்தச் சாலையின் இருபுறமும் திடீரென்று பழைய பார்வையாளர் அரங்குகளும், பந்தய வண்டிகள் நிற்கும் பிட் கட்டடங்களும், சுவர்களில் எண்ணெய், டயர் நிறுவனங்களின் விளம்பர எழுத்துகளும் எழுந்து நிற்கின்றன. 1920-களிலிருந்து பொதுச் சாலைகளையே முக்கோணமாக இணைத்துப் பந்தயம் நடத்திய ரெய்ம்ஸ்-குயூ தடம் இதுதான். ஆர்வலர்கள் சிலர் சங்கம் அமைத்து வண்ணம் தீட்டிப் பாதுகாத்து வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, வேலியும் கிடையாது. பைக்கை ஓரங்கட்டிவிட்டு பிட் சுவரில் சாய்ந்து நிற்கலாம், நம் முன்னால் உள்ளூர்க்காரர்களின் கார்கள் தம் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

1939 ஜூலை 9 அன்று இங்கே நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் காரில் ஹெர்மன் முல்லர் வென்றார் என்றும், இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் போர் மூண்டது என்றும் வழிகாட்டி அந்த இடத்தில் நின்று சொன்னபோது, நான் வெறும் பழைய கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1954-இல் இதே தடத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியில், 500 சிசி பிரிவில் பியேர் மொனரே என்ற பிரெஞ்சுக்காரர் வென்றதையும் அவர் சொன்னார். அதற்குப் பின் சொந்த மண்ணில் அந்தத் தலையாய பிரிவில் வேறெந்தப் பிரெஞ்சு வீரரும் வென்றதில்லை என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்குக் கடைசி நாளில் வேலை இருந்தது.

மறுநாள் வெர்தன். முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை நீண்ட வெர்தன் சண்டையின் களத்தில், அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் தூமோன் நினைவுமண்டபத்தின் அடியில் வைக்கப்பட்டுள்ளன. குண்டுவீச்சில் அழிந்த ஒன்பது ஊர்களில் ஒன்றான ஃப்ளூரியில், மேடும் பள்ளமுமான காட்டுக்குள், இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம் என்று சிறு பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஒருவரும் வசிக்காத அந்த ஊருக்கு இன்றும் மேயர் உண்டு. இங்கும் பந்தயம் வந்து சேர்ந்தது: 1912, 1913 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரெஞ்சு கிராண்ட் பிரியை வென்ற ஜோர்ஜ் புவாயோ, போர் விமானியாகி 1916 மே மாதத்தில் இப்பகுதியின் வானில் நடந்த சண்டையில் உயிரிழந்தார்.

என் முதல் பெரிய வருத்தமும் அன்றுதான் தொடங்கியது. 1945 மே 7 அதிகாலை 2.41 மணிக்கு ஜெர்மனியின் சரணாகதியில் ஜெனரல் யோட்ல் கையெழுத்திட்ட பள்ளிக் கட்டடம் ரெய்ம்ஸில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிறது. வெர்தனிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அருங்காட்சியக நேரம் முடிந்திருந்தது. செங்கல் சுவரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு விடுதிக்குப் போனோம். அடுத்த நாள் 2025 மே 7. சரணாகதியின் 80 ஆண்டு நிறைவு நாள். அந்த நாளில் அந்த நகரில் இருந்துகொண்டு, காலை எட்டரை மணிக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பும்படி திட்டம் வகுத்திருந்தார்கள். போர் நினைவிடங்களுக்கு அழைத்துச் செல்வதாகப் பணம் வாங்கும் ஒரு நிறுவனம் நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

வடக்கே, நூவ் ஷாப்பெல் என்ற ஊரின் அருகே நாற்சந்தி ஒன்றில், இந்தியப் படையினருக்கான நினைவிடம் இருக்கிறது. நிறுவனத்தின் திட்டத்தில் இது இல்லை. நான் கேட்டுக்கொண்டதற்காக வழிகாட்டி பாதையைச் சற்றே வளைத்தார். 1915 மார்ச் 10 முதல் 13 வரை இங்கு நடந்த தாக்குதலில் மீரட், லாகூர் டிவிஷன்களைக் கொண்ட இந்தியப் படை பங்கேற்றது. முதல் உலகப் போரின் மேற்கு முனையில் (பிரான்ஸ், பெல்ஜியம் களங்களில்) மாண்டு, கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் வட்டமான சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927-இல் திறக்கப்பட்ட இந்த நினைவிடத்தில் தாமரைத் தலை கொண்ட உயரமான தூணும், அதன் இருபுறமும் கல்லில் செதுக்கிய புலிகளும் நிற்கின்றன. தமிழர் பெயர் ஏதேனும் தென்படுமா என்ற ஆசையுடன் சுவரைச் சுற்றி நடந்தேன்; கண்ணில் பட்டவை பெரும்பாலும் கார்வாலியரும் கூர்க்காக்களும் சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களுமே. போர்க்குடிகள் என்று சில இனங்களை மட்டும் தெரிந்தெடுத்து, மதராஸ் படைப்பிரிவுகளை ஆங்கிலேயர் முன்பே சுருக்கிவிட்டிருந்ததன் தடயம் அது. தூணின் வாசகம் ஆங்கிலம், அரபு, தேவநாகரி, குர்முகி எழுத்துகளில் இருக்கிறது. பிரான்சுக்காக இறந்த தமிழ் மண்ணின் ஆட்களைத் தேடுவோர் புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்குத்தான் போக வேண்டும். நாங்கள் இருந்த முக்கால் மணி நேரத்தில் அங்கே வேறு யாரும் வரவில்லை. எட்டு நாட்களில் நான் மிகவும் நிதானமாக நின்ற இடம் இது.

மே 8 பிரான்சில் பொது விடுமுறை. சோம் பகுதியில், 1916 ஜூலை 1 காலை 7.28-க்கு வெடிக்கவைத்த சுரங்க வெடியால் உண்டான லாக்நகர் பள்ளத்தையும், 72,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கும், கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த தியெப்வால் நினைவு வளைவையும் பார்த்துவிட்டு வரும்போது, ஒரு சிற்றூரின் போர் நினைவுத்தூண் முன்னால் பதினைந்து இருபது பேர் கூடி மாலை வைத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி எங்கள் எல்லோரையும் எஞ்சினை அணைக்கச் சொன்னார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நின்றோம். எந்த அட்டவணையிலும் எழுதி வைக்க முடியாத அந்தப் பத்து நிமிடத்தை அவர் எங்களுக்குக் கொடுத்தார்.

சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் இடப்புறம் ஓட்டிப் பழகியவருக்கு நேர்ச்சாலையில் தொல்லை இல்லை. காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியேறும் முதல் திருப்பத்திலும், ரவுண்டானாவிலும்தான் கை தானாகத் தவறான பக்கம் போகிறது. அதைவிட ஆபத்தானது, பலகை ஏதும் இல்லாத சந்திப்புகளில் வலப்புறச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்னும் சட்டம். பெரிய சாலையில் நாம் போகும்போது ஒரு பாட்டி தன் சிறிய காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைத்துவிடுவார். சட்டப்படி சரியும் அவருடையதே. கிராமப்புறச் சாலைகளில் வேக வரம்பு 80, சில மாவட்டங்களில் 90. தரச்சான்று பெற்ற கையுறை அணியாமல் ஓட்டினால் அபராதம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். எதிரே வரும் பைக்காரர்கள் இடக்கை விரல் இரண்டை நீட்டி வணக்கம் சொல்வார்கள். வழிவிட்ட காருக்கு நன்றியாக வலக்காலை ஒரு கணம் வெளியே நீட்டுவார்கள். முதல் முறை கால் நீண்டதைப் பார்த்து, யாரோ உதைக்க வருகிறார் என்றே நினைத்தேன்.

நார்மண்டி இந்தப் பயணத்தின் மிகப் பலவீனமான பகுதி. 1944 ஜூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகள் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்தில் பரந்து கிடக்கின்றன; இவற்றுக்கு ஒதுக்கியது ஒரே நாள். கிளைடர்களில் வந்திறங்கிய படையினர் நள்ளிரவு கடந்ததுமே கைப்பற்றிய பெகாசஸ் பாலத்தில் அரை மணி நேரம். பிரித்தானியர் கடலுக்குள் கட்டிய செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் எச்சங்கள் இன்றும் தெரியும் அரோமான்ஷில் ஒரு காபி. 9,380-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள் வரிசை பிசகாமல் நிற்கும் கொல்வில் அமெரிக்கக் கல்லறையில், பாதி வரிசைகூட நடக்காமல் திரும்பினோம். ஜெர்மானியரின் லா காம்ப் கல்லறை சாலையிலிருந்தே காட்டப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைந்திருக்கும் இடம் அது. கரிய கற்சிலுவைகளையும் தாழ்ந்த மரங்களையும் கொண்ட அந்த மௌனத்தை, பளிச்சென்ற அமெரிக்கக் கல்லறைக்கு அடுத்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும். பாயூ நகரில், நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்ற, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வரலாற்றைச் சுட்டி, வில்லியமால் வெல்லப்பட்ட நாங்கள் வென்றவனின் தாயகத்தை விடுவித்தோம் என்று பொருள்படும் லத்தீன் வரியைக் காமன்வெல்த் நினைவுமண்டபத்தில் பொறித்திருக்கிறார்கள். அதைப் படித்துக்காட்டி முடிப்பதற்குள் வேன் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

பெகாசஸ் பாலத்தருகே கிடைத்த அரை மணியில் ஒரு சுவையான செய்தியைச் சேர்த்துக்கொண்டேன். வான்வழி இறங்கும் பிரித்தானியத் துருப்புகளுக்காக, பாராசூட்டில் போடக்கூடிய 125 சிசி பைக் ஒன்றை ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் தயாரித்தது. அதற்கு ஃப்ளையிங் ஃப்ளீ, அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி, என்று பெயர். அதே நிறுவனத்தின் பெயரில் 1955-இல் சென்னையில் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. திருவொற்றியூர்க்காரனான நான் இதை எடுத்துச் சொன்ன பிறகு, வாடகை பைக்குகளின் பட்டியலில் ஓர் என்ஃபீல்டைக்கூட வைக்கவில்லையே என்று குழுவினரே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

லெ மானில் தங்கவே இல்லை. பந்தய வாரத்தில் நகரில் அறை கிடைப்பது அரிது என்பது உண்மைதான்; ஆனால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி அலான்சோனில் தங்கவைக்கப்போகிறோம் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் சனிக்கிழமை பிற்பகல் வழிகாட்டி எங்களை உனோதியேர் நேர்ச்சாலைக்கு அழைத்துப்போனதை மறக்க முடியாது. 24 மணி நேரக் கார் பந்தயத்தின் புகழ்பெற்ற அந்த நேர்ச்சாலை, மற்ற நாட்களில் லாரிகள் ஓடும் பொதுச் சாலை. ஓரத்தில் நிறுத்தி அவர் மூன்று பெயர்களைச் சொன்னார். 1929-இல் லெ மானில் பிரெஞ்சு கிராண்ட் பிரியை வென்ற வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். 1937-இல் இங்கே 24 மணிப் பந்தயத்தைச் சேர்ந்து வென்ற ரொபேர் பெனுவா, ழான்-பியேர் விமில். மூவரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பிரித்தானிய ரகசியப் படைக்காகப் பிரான்சில் வேலை செய்தார்கள். குரோவர்-வில்லியம்ஸ் சாக்சன்ஹவுசன் முகாமிலும், பெனுவா 1944 செப்டம்பரில் புக்கன்வால்ட் முகாமிலும் கொல்லப்பட்டனர். விமில் தப்பினார். 1945 செப்டம்பர் 9 அன்று, பாரிஸின் புவா த புலோன் பூங்காவில் போருக்குப் பிந்தைய முதல் பந்தய நாள் நடந்தபோது, ஒரு கோப்பைக்குப் பெனுவாவின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அன்றைய முதன்மைப் பந்தயத்தில் வென்றவர் விமில். இந்தச் செய்தியைச் சொல்ல நிறுவனத்தின் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, சுமார் 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள புகாட்டி தடம். எங்கள் இருக்கைகள் டன்லப் பாலத்தை அடுத்த மேட்டில். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாட்களில் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று பின்னர் அறிவித்தார்கள். சிறுநீர் கழிக்க நின்ற வரிசையே அதை எனக்கு முன்கூட்டி அறிவித்துவிட்டது. தொடங்கும் நேரத்தில் மழை வந்தும் நின்றும் விளையாடியது. மற்றவர்கள் மழை டயருக்கும் வழவழப்பான டயருக்கும் மாறி மாறிப் பிட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்க, மழை டயரிலேயே நிலைத்திருந்த ஜோஆன் ஸார்கோ, மார்க் மார்க்கெஸை ஏறத்தாழ 20 விநாடி பின்தள்ளி வென்றார். 1954-இல் குயூவில் மொனரே வென்றதற்குப் பின் சொந்த மண்ணில் தலையாய பிரிவில் வென்ற முதல் பிரெஞ்சுக்காரர். நனைந்த கூட்டம் முழுதும் பிரெஞ்சு தேசிய கீதமான மார்செய்யேஸ் பாடியபோது, ஆறு நாட்களுக்கு முன் கோதுமை வயலோரத்தில் பெருமூச்சு விட்ட எங்கள் வழிகாட்டி பாடவில்லை. மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பாரிஸில் பைக்கை ஒப்படைத்தபோது, பக்கப்பெட்டியில் இருந்த ஒரு கீறலுக்காக முன்பணத்திலிருந்து 120 யூரோ பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் முதல் நாளிலேயே இருந்தது. நான்தான் படம் எடுத்து வைக்கவில்லை. போகிறவர்கள் வண்டியை வாங்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுங்கள். வழிகாட்டி யார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ரெய்ம்ஸிலும் நார்மண்டியிலும் தலா ஒரு நாளை நம் செலவில் கூட்டிக்கொள்ள அனுமதிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாய்ச்சொல்லாகக் கேட்டபோது தலையாட்டியவர்கள், மே 7 காலையில் வேனைக் கிளப்பி நின்றார்கள்.