பலகாரத் தொழிலுக்கு லைசென்ஸ் எடுக்கிறீர்களா? யாருடைய ஃபோன் நம்பர் பதிவாகிறது என்று பாருங்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் அத்தை கைமுறுக்கு, சீப்புச்சீடை, மணகோலம் போட்டு சென்னைக்கு அனுப்புகிறார். பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் வேண்டும் என்று அங்குள்ள கடைக்காரர் கேட்டதால், லைசென்ஸ் எடுத்துத் தருவதாக போர்டு மாட்டியிருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். ஐந்து வருஷத்துக்கு உணவு லைசென்ஸ், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி, மூன்றுக்கும் சேர்த்து 9,000 ரூபாய். “ஜிஎஸ்டி இல்லாம பார்சலே ஏத்த மாட்டாங்கக்கா” என்று வேறு சொல்லியிருக்கிறார் அந்த ஆள். லேமினேட் போட்டுக் கொடுத்த தாளை அத்தை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்.

அடுத்த வருஷம் ஒரு பார்சல் அப்படியே திரும்பி வந்தது. எண் காலாவதி என்றார் கடைக்காரர். தாளைக் கழற்றிப் பார்த்தேன். எண் 2-இல் தொடங்கியது. அப்படியென்றால் அது வெறும் பதிவு. லைசென்ஸ் என்றால் 1-இல் தொடங்கும். அத்தை அளவு வியாபாரத்துக்குப் பதிவே போதும், அதில் குறையில்லை. ஆனால் அதற்கு அரசுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான். ஐந்து வருஷத்துக்குப் பணம் வாங்கியவர் ஒரு வருஷத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறார்.

புதுப்பிக்கச் சொல்லி ஒரு மெசேஜும் வரவில்லையே என்று பார்த்தால், கணக்கில் இருந்த செல் நம்பரும் மெயிலும் அந்த ஆளுடையவை! ஓடிபி, நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். போன 9,000-ஐ விட எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. கேட்கப் போனால், “ரினியூவல் சார்ஜ் தனிக்கா” என்கிறார். கூசாமல்!

ஜிஎஸ்டி கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக அது கட்டாயம். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு முறுக்கு அனுப்ப அது எதற்கு? பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் எடுத்துவிட்டால் வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன், அதாவது விற்பனைக் கணக்கு, போட வேண்டும். தவறினால், விற்பனையே இல்லை என்று போடும் நில் ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். அவர் ஒன்றுகூடப் போடவில்லை.

உத்யமும் முழுக்க இலவசம். ஆதார், பான் எண்களைக் கொடுத்தால் போதும், எந்தத் தாளையும் ஏற்ற வேண்டாம். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் அதே மாதிரிப் பெயருள்ள தளங்களை நம்பாதீர்கள். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள்.

பிறரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். ஓடிபி உங்கள் ஃபோனுக்கு வரட்டும். அரசுக்குக் கட்டிய ரசீதையும் பாஸ்வேர்டையும் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அத்தைக்கு இப்போது எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் தளத்தில் அவருடைய நம்பரிலேயே புதிதாகப் பதிவு செய்துவிட்டோம். ஐந்து வருஷத்துக்கு 500 ரூபாய் ஆனது. ஜிஎஸ்டி பாஸ்வேர்டைத் தராமல் அந்த ஆள் இழுத்தடிக்கிறார். செல் நம்பரையும் மெயிலையும் மாற்றித் தரும்படி நம் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடமே விண்ணப்பிக்கலாமாம், கொடுத்திருக்கிறோம். அது மாறியதும் விட்டுப்போன ரிட்டர்ன்களை அபராதத்தோடு போட்டுவிட்டு, பதிவை ரத்து செய்ய வேண்டும்.